குத்தகை ஒழிந்த வருஷம்

கிடங்குக் கதவில் தொங்கிய பூட்டு ஒரு கைக்குழந்தையின் தலை அளவு இருந்தது. அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் கிடந்த சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான் மேஸ்திரி.

"சாவியக் குடுங்க" என்றார் அதிகாரி. வனப்பொருள் கூட்டுறவுத் துறையிலிருந்து ஜீப்பில் வந்திருந்த பெண். அரசாணையைச் சற்றுமுன்தான் எல்லோருக்கும் கேட்கும்படி படித்து முடித்திருந்தார். காட்டில் பிசின், தேன், மெழுகு எடுக்க இனிமேல் குத்தகை கிடையாது. எடுக்கிறவர்களே சங்கம் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். நிர்ணயித்த விலைக்குக் குறையாமல் அரசே வாங்கிக்கொள்ளும். மரத்தைச் சாகடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. அரசுக் கட்டடமான கிடங்கு இனிமேல் சங்கத்தின் பொறுப்பு.

"சாவி முதலாளிகிட்ட இருக்கு."

"அப்ப உங்க இடுப்புல இருக்கறது என்ன?"

"அது எங்க வீட்டுச் சாவிம்மா. வர்றீங்களா, தெறந்து காட்டறேன்."

பின்னால் நின்ற அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். பிசின் எடுக்கிறவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் முன்னால் வரவும் இல்லை. அப்போதுதான் சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி, தலை நரைக்கத் தொடங்கியும் அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவள் என்று ஒருத்தி இருந்ததால் வந்த பெயர். பட்டை செதுக்கும் சிறுகோடரி அவள் கையில் இருந்தது.

"மச்சினி" என்றான் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பூட்டு ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம். கை ஒடஞ்சா?"

"கை ஒடஞ்சா உங்க வீட்டுல வந்து உக்காந்துக்கறேன் மாமா. அக்கா ஊட்டி விடுவா."

இப்போது கூட்டம் சிரித்தது. சின்னவள் கோடரியைத் திருப்பி, பின்பக்கத்தால் பூட்டின் மேல் ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை. மறுபடி அடித்தாள். கதவின் பலகை உளுத்துப்போயிருந்தது. பூட்டுக்குப் பதிலாகக் கொண்டியே பிய்ந்துகொண்டு வந்தது. மேஸ்திரி எழுந்து, பல்குச்சியைத் துப்பிவிட்டு நடந்தான்.

அந்தப் பூட்டுக்கான அடி அன்று சாயங்காலமே பெரியவளுக்கு விழுந்தது.

*

மேஸ்திரிக்குப் பெரியவள் வாழ்க்கைப்பட்ட கதை சின்னது. முதலாளியான குத்தகைக்காரர் டவுனில் மாடி வீட்டில் இருந்தார். காடு எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது என்பார்கள். அவருடைய கையாகவும் வாயாகவும் இங்கே ஒரு மேஸ்திரி இருப்பான். பிசின் முழுவதும் அவன் தராசுக்குத்தான் போக வேண்டும். வேறு எங்கே விற்றாலும் அது திருட்டு. சகோதரிகளின் அப்பா ஒருமுறை ஒரு கூடைப் பிசினை வெளிச்சந்தைக்குக் கொண்டுபோனார். அன்றிருந்த மேஸ்திரி அவருடைய வலது கையைக் கிடங்குத் திண்டின் மேல் விரித்து வைக்கச் சொல்லி, எடைக்கல்லால் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்ததைச் சிறுமிகள் இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டார்கள்.

சூம்பிப்போன அந்தக் கையோடு அப்பா செய்துமுடித்த பெரிய காரியம், பெரியவளை அடுத்து வந்த மேஸ்திரிக்குக் கட்டிக்கொடுத்தது. அடிக்கிறவன் வீட்டில் நம்ம பெண் இருந்தால் நம்ம ஆட்களுக்கு அடி குறையும் என்று கணக்குப் போட்டார். ஓரளவு குறையத்தான் செய்தது. குறைந்ததெல்லாம் ஒரே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

சின்னவள் காட்டில் தன்னோடு பிசின் எடுத்த நெட்டையனைக் கட்டிக்கொண்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் நுழைவான். இடித்துவிட்டு நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிரிப்பு சிரிப்பான். ஏணியில்லாமல் உயரத்துப் பிசினைச் சுரண்டுகிற அந்தக் கைகளுக்காகவே எல்லோரும் அவனோடு காட்டுக்குப் போக ஆசைப்பட்டார்கள்.

சங்கத்துக்குத் தலைவி வேண்டுமென்று அதிகாரி கேட்டபோது பட்டாசுதான் சின்னவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பட்டாசு புருஷனை இழந்தவள். பேச ஆரம்பித்தால் தொடர்ந்து வெடிப்பாள் என்பதால் அந்தப் பெயர்.

"இவளுக்குப் பயம் இல்லன்னு நெனைக்காதீங்க. தொடையெல்லாம் நடுங்குது, பாருங்க. ஆனா நடுங்கிக்கிட்டே செஞ்சிருவா."

கிடங்கைக் கழுவினார்கள். குத்தகைக்காரரின் காலத்துத் தராசைக் கழற்றிக் கடாசினார்கள். பிசினைப் பாயில் உலர்த்தி, பட்டையும் மண்ணும் நீக்கி, கண்ணாடிபோல வெளுத்ததைத் தனியாகவும் கறுத்ததைத் தனியாகவும் பிரித்துக் கட்டினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் பட்டையைச் செதுக்கக் கூடாது என்று சங்கத்தில் பேசி முடிவு செய்தார்கள். முதலாளி காலத்தில் ஆழமாக வெட்டச் சொல்லி அடித்ததில் பாதி மரங்கள் பட்டுப்போயிருந்தன.

குத்தகைக்காரர் முதலில் இனிப்பைத்தான் காட்டினார். அரசு விலைக்கு மேல் தருகிறேன் என்று மேஸ்திரி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். சிலர் போனார்கள்.

"ஒரு மாசம் கூடக் குடுப்பான்" என்று பட்டாசு அவர்கள் வாசலிலேயே போய் நின்று கத்தினாள். "சங்கம் செத்ததும் தோல உரிப்பான். கோழிக்குத் தீனி போடறவன் கோழிய வளர்க்கவா போடறான்?"

போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு இனிப்பு நின்றது. சங்கத்தார் செதுக்கிவைத்த மரங்களில் ஒரு வரிசை முழுக்கச் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்டுச் சாகக் கிடந்தது. ஒரு விதவையின் குடிசையில் பாயோடு பிசினுக்குத் தீ வைத்தார்கள். அணைக்கப் போனவளின் முன்கைத் தோல் எரிகிற பாயோடு ஒட்டிக் கழன்றது. பாதையில் தனியாக வந்த ஒருத்தியின் தலைமுடியை மரத்தில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அவள் தன் கோடரியால் தன் முடியையே வெட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அதிகாரி வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர், உள்ளதைச் சொல்கிறவர்.

"ஆணையில ஒரு விதி இருக்கு. பருவம் முடியறதுக்குள்ள முதல் லோடு அரசுக் கிடங்குக்குப் போய்ச் சேரணும். சேரலன்னா, இந்தச் சங்கத்தால நடத்த முடியலன்னு எழுதி, காட்ட மறுபடியும் ஏலம் விட்டிருவாங்க. அந்த விதியப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியல. அவருக்கு அது நல்லாத் தெரியும்."

"எவருக்கு?"

"குத்தகைக்காரருக்கு."

*

நெட்டையனை அவர்கள் நடுப்பகலில் மடக்கினார்கள். மரத்தின் உயரத்தில் கையை நீட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தவனின் இடுப்பில் முதல் அடி விழுந்தது. கீழே விழுந்தவனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவனுடைய கோடரியின் பின்பக்கத்தாலேயே இரண்டு முழங்காலையும் அடித்தார்கள். கத்தவிடாமல் வாயில் ஒரு கட்டிப் பிசினை அடைத்திருந்தார்கள். பட்டாசும் மற்றவர்களும் அவனைக் கண்டுபிடித்தபோது, உமிழ்நீரில் ஊறி அது பல்லோடு ஒட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸால் வெந்நீர் விட்டு விட்டுத்தான் எடுக்க முடிந்தது.

வாய் திறந்ததும் அவன் முதலில் கேட்டது தண்ணீர். சின்னவள் புகட்டினாள்.

"மாமா அங்க இருந்தாரா?"

"இருந்தான்."

"அடிச்சாரா?"

"அடிக்கல. எந்த எடத்துல அடிச்சா திரும்ப எந்திரிக்க மாட்டேன்னு காட்டிக் குடுத்தான்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "அவரு உன் அக்கா புருஷன். இவரு உன் புருஷன். சகலைங்க சண்டைக்கெல்லாம் கேஸ் போட ஆரம்பிச்சா நான் வேற ஸ்டேஷன்தான் கட்டணும். போ, பெரியவங்கள வச்சுப் பேசி முடிச்சுக்கோ."

"பெரியவங்கன்னு எங்களுக்கு இருந்த அப்பா நொறுங்குன கையோட போயிட்டாரு" என்று சின்னவள் சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு அது விளங்கவில்லை.

சாயங்காலம் பெரியவள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். கன்னத்தில் பழைய அடி மஞ்சளாகி, புதியது ஒன்று அதன் பக்கத்தில் கறுத்திருந்தது. தங்கை புருஷனின் கட்டுப்போட்ட கால்களை அவள் பார்க்கவே இல்லை. சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, சின்னவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"விட்டுரு சின்னவளே. அடுத்தது நீதான்."

"அவரு சொல்லி அனுப்பினாரா?"

"நானா வந்தேன். தெரிஞ்சா என் காலுக்கும் இதே கதிதான்."

"அப்ப இங்கயே இருந்துரு அக்கா. வீட்டுக்குப் போகாத. சங்கத்துல உனக்கு வேல இருக்கு."

பெரியவள் சிரித்தாள். உதட்டின் காயம் அதில் பிளந்து லேசாக ரத்தம் வந்தது. "என்ன அடிக்கறாரு. இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு நாளும் வாசல்ல தள்ளிக் கதவச் சாத்தல. உன் சங்கம் நாளைக்கு இருக்குமா சொல்லு?"

பெரியவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

*

அதிகாரி ஏற்பாடு செய்த லாரி ஊருக்கு வரும் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மேஸ்திரியின் ஆட்கள் எறிந்த கல்லில் கண்ணாடி உடைந்து, டிரைவரின் நெற்றி கிழிந்திருந்தது. வாடகை வேண்டாம், உயிர் போதும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பருவம் முடிய இருந்தது. முதல் மழை விழுந்துவிட்டால் பிசின் கரைந்து கூழாகிவிடும்.

"தலையில தூக்கிக்கிட்டுப் போவோம்" என்றாள் பட்டாசு. "மாமியார் வீட்டுக்குச் சீரையே அப்படித்தான் தூக்கிட்டுப் போனோம். இது என்ன பெரிசு?"

காலையில் கிளம்பினார்கள். தள்ளுவண்டிகளில் கறுத்த பிசின், தலையில் வெளுத்த பிசின். பெரும்பாலும் பெண்கள், ஆண்களில் வர முடிந்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் சிறுகோடரி இருந்தது. அதிகாரி ஜீப்பை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். பாதுகாப்புக்குத் தந்திருந்த ஒரே கான்ஸ்டபிள் பாலம் கண்ணில் பட்டதும், "ஒண்ணுக்குப் போயிட்டு வந்திர்றேன்" என்று புதருக்குள் நுழைந்தான். பிற்பாடு கோர்ட்டில்தான் அவனைப் பார்த்தார்கள்.

பாலத்தின் நடுவில் மேஸ்திரியின் ஆட்கள் நின்றார்கள். இரும்புக் கம்பிகள், சைக்கிள் சங்கிலி, ஒருவனிடம் அரிவாள். மேஸ்திரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தான்.

அதிகாரி முன்னால் போய், "இது அரசாங்கச் சரக்கு. தடுத்தீங்கன்னா..." என்று தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு கல் அவருடைய நெற்றியில் பட்டது. அவர் நின்றபடியே கையால் தொட்டு, விரலில் ரத்தத்தைப் பார்த்து, பிறகு மெதுவாக உட்கார்ந்து, அப்படியே மயங்கிச் சரிந்தார்.

அடுத்து நடந்தவற்றை ஒருவரும் வரிசையாகச் சொன்னதில்லை. கம்பி ஒன்று தள்ளுவண்டியின் மேல் இறங்கியது. தள்ளிக்கொண்டிருந்தவரின் தோள்பட்டை உள்ளே போயிற்று. தலையில் மூட்டையோடு நின்ற ஒருத்தி அந்த மூட்டையையே எதிரில் வந்தவன் முகத்தில் வீசினாள். அவன் தடுமாறி விழுந்த இடத்தில் பெண்கள் மொய்த்தார்கள். எழுந்தபோது அவன் காதில் பாதி இல்லை. முடி வெட்டிக்கொண்டு வந்தவள் அரிவாள்காரனின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவன் அவளைச் சுவரில் மோதினான், அவள் விடவில்லை, மறுபடி மோதினான், அரிவாள் ஆற்றில் விழுந்தது. பிசின் மூட்டைகள் கிழிந்து பாலமெங்கும் சிதறின. மிதித்தவர்கள் எல்லாம் வழுக்கினார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் சேர்ந்தே விழுந்தார்கள்.

மேஸ்திரி அதுவரை அசையவில்லை. பட்டாசு ஒருத்தனைச் செருப்பால் அடித்தபடி அவனருகே வந்தபோதுதான் நகர்ந்தான். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, கழுத்தைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, முழங்கையால் அழுத்தினான். கத்தினாலாவது விட்டிருப்பானோ என்னவோ. பட்டாசுக்குச் சத்தமே வரவில்லை. ஊரில் ஒருவரும் அதற்குமுன் அவளைச் சத்தமில்லாமல் பார்த்ததில்லை. கால்கள் மட்டும் தரையைத் தேடின.

சின்னவள் ஓடி வந்தாள். "மாமா, விடுங்க" என்றாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் அழுத்தினான். அவள் கோடரியை அவன் தோளில் இறக்கினாள்.

கை தளர்ந்தது. பட்டாசு சரிந்து விழுந்து இருமினாள். மேஸ்திரி முழங்காலிட்டான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, நல்ல கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்த்தான். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"மச்சினி" என்றான்.

எதற்குக் கூப்பிட்டான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. கெஞ்சத் தொடங்கினானா, கேலி செய்யத் தொடங்கினானா. அவள் கண்ணுக்கு முன் நெட்டையனின் வாயிலிருந்த பிசின் கட்டி நின்றது. கோடரி மறுபடி உயர்ந்து அவன் கழுத்தில் இறங்கியது. மரத்தில் இறங்குவதைவிட எளிதாக இறங்கியது. சூடான ரத்தம் அவள் முகத்திலும் வாயிலும் தெறித்தது. அவன் கொஞ்ச நேரம் காலால் பாலத்தை உதைத்தான். பிறகு உதைக்கவில்லை.

அவனுடைய ஆட்கள் அதைப் பார்த்தார்கள். கம்பிகளைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினார்கள்.

பாலத்தின் அந்தக் கரையில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் வீட்டிலிருந்து கிளம்பியபோதே பின்னாலேயே வந்திருக்கிறாள். தடுக்கவா, பார்க்கவா என்று அவளும் சொன்னதில்லை. நடந்துதான் வந்தாள். உட்கார்ந்து, அறுபட்ட கழுத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பட்டாசக் கொன்னிருப்பாருக்கா" என்றாள் சின்னவள். அவளுடைய குரல் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது.

"மொத வெட்டுலயே விட்டுட்டாருல்ல?"

சின்னவள் கையிலிருந்த கோடரியைக் கீழே போட்டாள்.

"கேக்கறேன்ல. விட்டுட்டாரா இல்லையா?"

"விட்டுட்டாரு."

"என்னத்தான்டி அடிச்சாரு. உன்ன ஒரு நாளாவது தொட்டாரா? என் கணக்க நீ எதுக்குத் தீத்த?"

பட்டாசு கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் சீறலாகத்தான் வந்தது. "ஏந்திரிங்க எல்லாரும். மூட்டையக் கட்டுங்க. சரக்கு போயே ஆகணும்." அழுதுகொண்டே சிதறிய பிசினை வாரினார்கள். ரத்தம் பட்டதை ஆற்றில் தள்ளினார்கள். மயக்கம் தெளிந்த அதிகாரி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒருத்தியின் தோளைப் பிடித்து நடந்தார். அவர்கள் போன பிறகு பாலத்தில் இரண்டு சகோதரிகளும் ஒரு பிணமும் மிஞ்சினார்கள். போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்கும்வரை ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

லோடு போய்ச் சேர்ந்தது. அரசுக் கிடங்கில் எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

*

வழக்கில் சாட்சி சொன்ன சங்கத்தார் எல்லோரும், அவன் பட்டாசை விடுவதற்கு முன்பே இரண்டு வெட்டும் விழுந்தன என்றார்கள். பட்டாசு புத்தகம் வாசிப்பதுபோல் தயங்காமல் சொன்னாள். அதிகாரி, தான் அப்போது மயங்கிக் கிடந்ததாகச் சொன்னார், அது உண்மை. கடைசியாகப் பெரியவள் கூண்டில் ஏறினாள்.

"கீழ விழுந்த பிறகும் வெட்டினா" என்றாள். "அவரால எந்திரிக்க முடியல. வெட்டினா."

அரசு வக்கீல் உட்கார்ந்தார். சின்னவளின் வக்கீல் எழுந்து, கணவனிடம் பட்ட அடிகளைப் பற்றிப் பெரியவளிடம் கேட்கத் தொடங்கினார். அதற்குள் சின்னவள் குறுக்கே பேசினாள். நீதிபதி அதட்டியும் நிறுத்தவில்லை.

"அக்காவ அதெல்லாம் கேக்காதீங்க. அவ சொல்றது நெஜம். அவரு விழுந்துட்டாரு. நான் நிறுத்தல."

அது இல்லாவிட்டால் தண்டனை இன்னும் குறைந்திருக்கும் என்று வக்கீல் பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

சிறையில் அவளுக்குத் தோட்ட வேலை கொடுத்தார்கள். கோடரி தொட விடவில்லை; அவளும் கேட்கவில்லை. நெட்டையன் இரண்டு கைத்தடிகளோடு வந்து பார்ப்பான். குனிந்தே நடக்கப் பழகியதால் நிலைப்படி எதுவும் இப்போது இடிப்பதில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். அவள் அழுததும் நிறுத்திக்கொண்டான். ஊர்ச் செய்தியெல்லாம் அவன் வழியாகத்தான் வந்தது. பருவத்துக்குப் பருவம் லோடு போகிறது. பக்கத்துக் காடுகளிலும் சங்கம் வைக்க அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. ஏலம் விடுகிற அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நெற்றித் தழும்போடு அதிகாரி படியேறிப் படியேறி எடுக்க வைத்தாராம். குத்தகைக்காரர் மேல் வழக்கே இல்லை. அவர் பேரை எவனும் சொல்லவில்லை. இப்போது சங்கங்களுக்குச் சாக்கு சப்ளை செய்கிற ஒப்பந்தம் அவருடையது.

"அக்கா?"

"சங்கத்துல சேந்துட்டா."

அதை அவனாகச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தான். புருஷனை இழந்தவர்களுக்கு முதல் இடம் என்று திட்டத்தில் இருக்கிறது. அதிகாரி போய்ச் சொன்னபோது பெரியவள் கதவைச் சாத்திவிட்டாள். பட்டாசு போனபோது வாளித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு குத்தகைக்காரர் ஒரு தடவை பணம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டதும், வீட்டில் அடுப்பு எரியாமல் போனதும், ஒரு நாள் காலையில் தானாகக் கிடங்கு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். "என்ன வேல?" என்று மட்டும் கேட்டாளாம்.

*

சின்னவள் விடுதலையாகி வந்தபோது மரங்களின் பழைய வெட்டுகள் மூடி, பட்டை வளர்ந்திருந்தது. பட்டாசின் குரல் பாலத்தில் போனது போனதுதான். கரகரவென்று காற்றுதான் வந்தது. ஆனால் பேச்சு குறையவில்லை. "வெடிக்காத பட்டாசுன்னு பேர மாத்திட்டானுங்க" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

நெட்டையன் கிடங்குக் காவலாளியாக இருந்தான். வீட்டில் ஒரு வாரம் படுத்துக் கிடந்த பிறகு, சின்னவள் பரணிலிருந்து கோடரியை எடுத்தாள். அது பழையதல்ல, பழையது கோர்ட்டோடு போய்விட்டது. முதல் மரத்தில் ஓங்கியபோது கை நடுவில் நின்றுவிட்டது. பிசின் கசிகிற ஈரத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்று வெறும் கூடையோடு வந்தாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு எப்படியோ கை இறங்கியது. வயிறு காத்திருக்காது.

முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். அவள் வழி வேண்டாமென்று கடைசியில் போய் நின்றாள். தராசுக்குப் பின்னால் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எந்த அடியும் இல்லை. சதை வைத்து, கன்னம் நிறைந்து, சின்னவள் அறியாத ஒரு முகமாக இருந்தது. சிறுமியாக இருந்தபோது அந்த முகம் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்தாள்; நினைவுக்கு வரவில்லை.

முறை வந்தது. கூடையை வைத்தாள். பெரியவள் நிமிராமல் ஒரு கை அள்ளி, விரல்களால் பரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவளின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு கையிலிருந்ததைக் கூடையில் கொட்டி, கூடையைத் தள்ளி வைத்தாள்.

"பட்டை கலந்திருக்கு. பொறுக்கிட்டு எடுத்துட்டு வா."

வரிசையில் யாரோ, "பாவம், மொத நாளு, விடேன்" என்றார்கள்.

"யாரா இருந்தாலும் பொறுக்கணும்" என்றாள் பெரியவள். "அடுத்தவங்க வாங்க."

சின்னவள் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெயில் விழுந்த ஓர் ஓரமாகப் பாயை விரித்து உட்கார்ந்து, பிசினைக் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பட்டையைக் கிள்ளத் தொடங்கினாள். நகக்கண்ணில் பட்டைத் தூள் ஏறி எரிந்தது. வரிசை கரைந்து, தராசின் சத்தம் நின்று, எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் பொறுக்கி முடித்தபோது தராசுக்குப் பின்னால் பெரியவள் மட்டும் இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.